கடலில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கும் கடற்கரைக்கே போனால் சலிக்காதா?

சலிக்காது. இதைக் கேட்டவர் லீவு நாளில் மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டே கடல் பார்க்கிறவராக இருக்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிறவன். கடல் சலித்துப்போய் வருஷக்கணக்காகிறது, ஆனால் கரையை நாங்கள் எங்கே பார்க்கிறோம்? துறைமுகம், ஐஸ், ஏலம், வீட்டில் தூக்கம், மறுபடி கடல்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. போன தடைக்காலத்தில், மே மாதம், மச்சான் காரை வாங்கிக்கொண்டு மனைவி பிள்ளைகளோடு கன்னியாகுமரிப் பக்கம் போனோம். உடனே "மீனவனுக்குக் கார் கேட்கிறதா" என்று எழுத வராதீர்கள். டீசல்தான் என் செலவு, தங்கினது பெரும்பாலும் சொந்தக்காரர் வீடுகளில். படகைக் கரையேற்றி, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோடியக்கரை எனக்கு ராத்திரியில் விட்டு விட்டு மின்னுகிற ஒரு லைட்ஹவுஸ் வெளிச்சம், அவ்வளவுதான். அந்தப் பக்கக் காட்டில் வெளிமான் மேய்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. காரை நிறுத்தி இறங்கினால், முறுக்கின கொம்போடு ஒரு கிடா எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம் மணப்பாடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மேட்டில் 1581இல் கட்டின திருச்சிலுவைக் கோவில். உவரியில் கப்பல் மாதா கோவிலையே கப்பல் மாதிரி கட்டி, மேலே ஒரு ஆகாய விமானத்தையும் வைத்திருக்கிறார்கள். அணியம், அதாவது முன்மூக்கு, சரியாக வந்திருக்கிறதா என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சின்னமுட்டம் துறைமுகம் போனால் எங்கள் ஊர் போலவே படகுகள் கட்டிக் கிடக்கின்றன. "ஏங்க, ஊர்லயும் படகு, இங்க வந்தும் படகா" என்றாள் மனைவி. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் குளச்சல், அங்கே ஏலம் ஜோராக நடக்கிறது! ஒரே மாவட்டம்தான். ஆனால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அவர்களுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சட்டம் தெரிந்ததுதான், இருந்தாலும் கூடை கூடையாகக் கணவாய் இறங்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது இருக்கிறதே, அது வேறு.

வழியில் ஒரு ஹோட்டலில் வஞ்சிரம் "இன்னிக்குப் பிடிச்சதுண்ணே" என்று வைத்தார்கள். விரலால் தொட்டதும் சதை மாவாக உதிர்ந்தது. ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற நல்ல மீன் பக்கத்திலேயே கிடைக்கும், ஹோட்டல்காரர்களுக்கு வாங்கத்தான் மனசு வராது. என்னிடமே இந்தக் கதை என்றால் உங்களை என்ன பாடு படுத்துவார்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். 61 நாளுக்கு அதை வகுத்துப் பாருங்கள். அதுவும் எங்களுக்குத் தடை முடிந்து கடலுக்குப் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. ஊர் சுற்றின காசு அரசாங்கக் காசு என்று யாராவது சொன்னால் அதற்குத்தான் இந்தக் கணக்கு.

நீங்கள் போவதானால் மே மாதமே குளச்சல் போய்விடுங்கள். ஜூன் பிறந்தால் அங்கேயும் படகைக் கட்டிவிடுவார்கள்.