பிள்ளைகள் இருக்கும் ஊருக்கே குடிபோகலாமா? செலவுக் கணக்குக் கேள்விகளும் பதில்களும்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி (மன்னார்குடி): சார், எனக்கு 67, வீட்டுக்காரருக்கு 72. மகள் சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறாள். ஊர் வீட்டை விற்று அங்கேயே ஃப்ளாட் வாங்கிவிடலாமா?

பதில்: போங்கம்மா, ஆனால் விற்காமல் போங்க. முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பழைய ஃப்ளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5.4 லட்சம். தரகும் வக்கீல் செலவும் தனி. பிடிக்காமல் ஊர் திரும்பினால் இதில் ஒரு ரூபாய் வராது, அங்கே மறுபடி வாங்க இன்னொரு 9 சதவீதம். அதே 5.4 லட்சத்தில் மாதம் 20,000 வாடகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கலாம். லிஃப்ட் அடிக்கடி நிற்குமா, தண்ணீர் எப்படி, மாப்பிள்ளை சுபாவம் என்ன, எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

கேள்வி (அதே அம்மா): சரி, பிறகு விற்றால் வரி எவ்வளவு வரும்? 1986இல் வாங்கிய வீடு.

பதில்: 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்பதால் இரண்டு வழி உண்டு. பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டிய பிறகு 20 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம். 1986 விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வைக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். லாபத்தைப் போட்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி இல்லை. அதுவரை பணத்தை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், அதுவும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கலின் கடைசித் தேதிக்குள். பலர் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கெடு எல்லாமே விற்ற பிறகுதான் தொடங்கும். விற்காதவரை அவசரமே இல்லை.

கேள்வி (தேனி): ஐயா, வீட்டைத் தன் பேரில் எழுதிவிட்டு வந்து தங்கச் சொல்கிறான் மகன். செட்டில்மென்ட் பத்திரத்துக்கு (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது) செலவு குறைவுதானே?

பதில்: குறைவுதான். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக்கும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மலிவு என்பதாலேயே யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, 23ஆம் பிரிவின்படி, மகன் கவனிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லையென்றால் வழக்கு இழுக்கும். என்னைக் கேட்டால் உயில் போதும். நினைத்தபோது மாற்றலாம், பதிவு செய்வதுகூடக் கட்டாயம் இல்லை. மகன் தங்கமான பையனாகவே இருக்கட்டுமே, உயிலால் அவனுக்கு என்ன நஷ்டம்?

கேள்வி (திண்டுக்கல்): சென்னைக்குப் போனால் மாதச் செலவில் எது இடிக்கும்?

பதில்: மெயின்டனன்ஸ். சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 1,000 சதுர அடிக்கு மாதம் 4,000. வெயில் காலத்தில் தண்ணீர் லாரிக்குத் தனி வசூல் வரும். அப்புறம் ஆட்டோ. 60 வயது தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கரூர்): மாநில அரசு பென்ஷன் வாங்குகிறேன். அதோடு உள்ள மருத்துவக் காப்பீடு ஊர் மாறினால் என்ன ஆகும்?

பதில்: கூடவே வரும். ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். வீடு பார்க்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி (கும்பகோணம்): மகள் கனடாவில். பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசா எடுக்கச் சொல்கிறாள்.

பதில்: ஒரு முறை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 70 தாண்டி, சர்க்கரையும் இருந்தால் பிரீமியம் கனமாக வரும். டிக்கெட் விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி (விருதுநகர்): அண்ணா, என் பையன் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறான். எங்கே போவது?

பதில்: அவன் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு அலையாதீர்கள், தம்பி. நல்ல மருத்துவமனையும் ரயில் வசதியும் விமான நிலையமும் உள்ள மதுரை, திருச்சி மாதிரி ஊரில் இருந்துகொண்டு, நினைத்தபோது போய் வாருங்கள். ரயிலில் மூத்தோர் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, முழுக் கட்டணம் போட்டே கணக்குப் பாருங்கள்.