புதிய மடிக்கணினியில் வேண்டாத மென்பொருள்களை ஒழிக்க விண்டோஸை அடியோடு அழித்து நிறுவுவது அவசியமா?

புதிதாக வாங்கிய மடிக்கணினியைத் திறந்ததுமே வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனைப் பதிப்பு, கேட்காத விளையாட்டுகள், கடை விளம்பரங்கள், தயாரிப்பாளரின் உதவிச் செயலிகள் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்தால் போதுமா, அல்லது விண்டோஸையே துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக நிறுவிவிடுங்கள் என்பதே என் பதில். அதையும் உங்கள் சொந்தக் கோப்புகள் அதில் சேருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். குடும்பத்திலும் நண்பர் வட்டத்திலும் யார் மடிக்கணினி வாங்கினாலும் இந்த வேலை என்னிடம்தான் வரும் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: நிறுவுவது எளிது; அது நல்லபடியாக முடிவதும் பாதியில் நிற்பதும், அழிப்பதற்கு முன் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளும் சில பொருள்களைப் பொறுத்தே அமைகிறது.

இந்த மென்பொருள்கள் ஏன் வருகின்றன என்பதில் மர்மம் ஏதுமில்லை. மடிக்கணினி விற்பனையில் லாப விகிதம் குறைவு. தங்கள் பொருளை முன்கூட்டியே ஏற்றித் தருவதற்கு மென்பொருள் நிறுவனங்கள் தயாரிப்பாளருக்குப் பணம் தருகின்றன. 2008-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் தன் வையோ வரிசையின் ஒரு மாடலுக்கு, இத்தகைய சரக்குகள் இல்லாமல் தருவதற்கென்று ஏறத்தாழ 50 டாலர் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. அவை இல்லாத கணினிக்கு ஒரு விலை உண்டு என்பது அப்போதே வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது.

அன்இன்ஸ்டால் செய்தால் போதாதா என்பதற்கு வருகிறேன். விளையாட்டுகளுக்கும் கடைச் செயலிகளுக்கும் அது பெரும்பாலும் போதும். ஆனால் பின்னணியில் இயங்கும் சர்வீஸ்கள், திட்டமிட்ட பணிகள், சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பதித்துவிடும் மென்பொருள்கள் அத்தனை சுலபமாக விட்டுப்போவதில்லை. லெனோவோவின் சில மடிக்கணினிகளில் 2014-இன் பிற்பகுதியிலிருந்து ஏற்றப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைப்பதற்காகத் தன் சொந்த ரூட் சான்றிதழை (எந்த இணையப் பக்கம் உண்மையானது என்று கணினி நம்புவதற்கு அடிப்படையான சான்றை) விண்டோஸில் பதித்துவைத்தது. அதன் ரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே என்பது 2015 பிப்ரவரியில் அம்பலமானபோது, அந்தச் சாவியைக் கைப்பற்றிய எவரும் பொது வைஃபையில் அமர்ந்துகொண்டு வங்கிப் பக்கத்தைப் போலப் போலிப் பக்கம் காட்ட முடியும் என்ற நிலை உருவாகியிருந்தது. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியிலும் சான்றிதழ் அப்படியே தங்கியிருந்தது என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது. அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளில் கண்டுபிடிக்கப்பட்ட இ-டெல்ரூட் சான்றிதழோ, அழித்த பிறகும் அதனுடன் வந்த ஒரு கோப்பின் வேலையால் மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. இரு நிறுவனங்களும் பின்னர் நீக்கும் கருவிகளை வெளியிட்டன. ஆனாலும், கண்ணுக்குத் தெரியும் பட்டியலிலிருந்து ஒரு பெயர் மறைவதை வைத்து அது போய்விட்டது என்று நம்பக் கூடாது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்றுகள் எனக்குத் தெரியவில்லை.

விண்டோஸிலேயே இருக்கும் ‘ரீசெட் திஸ் பிசி’ வசதியைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தால் அது உங்கள் கோப்புகளை அழிக்கும். ஆனால் தயாரிப்பாளர் சேமித்து வைத்திருக்கும் தனிப்பயன் தொகுப்பு ரெக்கவரி கோப்புறையில் இருந்தால், அவருடைய செயலிகளும் திரும்பி வந்துவிடக்கூடும். ஆகவே நான் சொல்வது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டியை முழுவதும் காலியாக்கி நிறுவுவதை.

விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. விண்டோஸுடன் விற்கப்படும் இன்றைய மடிக்கணினிகளில் அந்த உரிமச் சாவி மதர்போர்டில் இருக்கும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. நிறுவும் நிரல் அதைத் தானே படித்து, விண்டோஸின் பதிப்பு ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, ப்ரோவா என்பதையும் தானே தேர்ந்துகொள்ளும். இணையம் கிடைத்ததும் உரிமம் தானாக உறுதியாகிவிடும். விண்டோஸ் இல்லாமல் டாஸ் அல்லது லினக்ஸுடன் குறைந்த விலைக்கு வாங்கிய கணினியாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது.

உண்மையில் அஞ்ச வேண்டியது ஆஃபீஸ் உரிமத்தைப் பற்றித்தான். நம் நாட்டில் விற்கப்படும் பல மடிக்கணினிகளில் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தக்கூடிய ஆஃபீஸ் தொகுப்பு விலையிலேயே அடங்கியிருக்கிறது. எதையும் அழிப்பதற்கு முன் வேர்டை ஒருமுறை திறந்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த உரிமத்தைக் கணக்குடன் இணைத்துவிடுங்கள். பிறகு பிரவுசரில் அதே கணக்கின் பக்கத்துக்குப் போய், வாங்கிய பொருள்களின் பட்டியலில் ஆஃபீஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே இருந்தால், புதிய விண்டோஸிலும் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் தன் கணக்கில் இணைத்துக் கொடுத்துவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்படியிருந்தால் கணக்கின் விவரங்களைக் கேட்டு வாங்கிய பிறகே மேற்கொண்டு எதையும் தொடுங்கள்.

அடுத்தது டிரைவர்கள், அதாவது கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் நிரல்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்தால் அதற்கான டிரைவர்களின் பட்டியல் கிடைக்கும். வைஃபை, சிப்செட், ஆடியோ, டச்பேட், கைரேகை உணரி ஆகியவற்றுக்கானவற்றை இறக்கி இன்னொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நம்பகமான வழி ஒன்றும் உண்டு: விண்டோஸின் டிஸ்ம் கட்டளையில் இருக்கும் டிரைவர் ஏற்றுமதி வசதியைக் கொண்டு, விண்டோஸுடன் வராமல் தனியாகச் சேர்க்கப்பட்ட அத்தனை டிரைவர்களையும் ஒரே கோப்புறையில் எடுத்துவிடலாம், பின்னர் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டும் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கோப்புறையைச் சுட்டிக்காட்டினால் போதும். நான் எப்போதும் இரண்டையும் செய்துவிடுவேன். படம், காணொளித் தொகுப்பு வேலை செய்பவராக இருந்தால் திரைக்கென்று வந்த நிறச் சுயவிவரக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். அது போனால் வண்ணங்கள் மாறிப்போகும், காரணமும் எளிதில் புலப்படாது.

தயாரிப்பாளரின் மீட்புப் பென்டிரைவ் ஒன்றையும் தயாரித்து வையுங்கள். டெல், எச்பி, லெனோவோ ஆகியவை இதற்கெனத் தனிக் கருவிகளையே தருகின்றன. வேண்டாத சரக்குடன் கூடிய பழைய நிலைக்கு யார் திரும்பப் போகிறார்கள் என்று தோன்றலாம். கணினியைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் திரையிலோ விசைப்பலகையிலோ ஒரு பழுது தெரிந்து, கடைக்காரர் வந்த நிலையிலேயே வேண்டும் என்று கேட்டால் அப்போது அது தேவைப்படும். ஆகவே வாங்கிய முதல் மாலையில் வன்பொருள் சோதனைகளை முடித்துவிட்டே அழிக்கும் வேலையைத் தொடங்குவது நல்லது. பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) அப்டேட் ஏதேனும் வந்திருந்தால் அதையும் பழைய விண்டோஸ் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

இனி நிறுவுதல். விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் மைக்ரோசாஃப்ட் கருவியான மீடியா கிரியேஷன் டூலுக்குக் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் தேவை. கணினியைத் துவக்கும்போது டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து துவக்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து மேலே போனால், எந்த இடத்தில் நிறுவுவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதில் டிரைவ் 0 என்பதன் கீழ் சுமார் 100 அல்லது 260 எம்பி அளவில் சிஸ்டம் பகுதி, 16 எம்பியில் ஒரு குட்டிப் பகுதி, பெரிய முதன்மைப் பகுதி, கடைசியில் ஒன்றோ இரண்டோ ரெக்கவரி பகுதிகள் எனப் பார்ட்டிஷன்கள் அடுக்கியிருக்கும். டிரைவ் 0-இல் உள்ள எல்லாவற்றையும் டெலீட் செய்து, ஒதுக்கப்படாத இடம் என்ற ஒரே வரி மிஞ்சும்படி செய்யுங்கள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அடுத்ததற்குப் போனால் தேவையான பகுதிகளை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். இரண்டாவது எஸ்எஸ்டி இருந்தால் எது எது என்பதை அளவைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பென்டிரைவும் அந்தப் பட்டியலில் தெரியும்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் திகைத்து நிற்பார்கள். என் தங்கை மகள் கல்லூரிக்கென்று வாங்கிய மடிக்கணினியில் அந்தப் பட்டியலில் பென்டிரைவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எஸ்எஸ்டியே பழுதோ என்று வீட்டில் எல்லோரும் பதறிவிட்டார்கள். இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் சேமிப்பகத்தைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்ட நிலையில் வருகிறது. அதற்குரிய ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாவிட்டால் நிறுவும் நிரலின் கண்ணுக்கு எஸ்எஸ்டி புலப்படாது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்தெடுத்த நிலையில் பென்டிரைவில் வைத்திருந்தால், ‘லோட் டிரைவர்’ பொத்தானை அழுத்தி அதைக் காட்டிய மறுகணமே எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிடும். அன்றும் அப்படித்தான் வந்தது. பயாஸில் விஎம்டியையே அணைத்துவிடுமாறு பலரும் யோசனை சொல்வார்கள். தயாரிப்பாளர் அமைத்ததை மாற்றாமல் டிரைவரை ஏற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நிறுவி முடிந்து முதல்முறை திறக்கும்போது விண்டோஸ் 11 ஹோம் இணைய இணைப்பைக் கட்டாயமாகக் கேட்கும். வைஃபை டிரைவர் அதில் இல்லாவிட்டால் நெட்வொர்க் பட்டியல் வெறுமையாக இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் இணைத்து கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் பெரும்பாலும் அந்தத் தடை நீங்கிவிடும். இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓரிரு முறை முழுமையாக ஓடவிட்டு, அதற்குப் பிறகும் விடுபட்டிருக்கும் டிரைவர்களை மட்டும் சேமித்து வைத்ததிலிருந்து போடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழையும்போது எஸ்எஸ்டி தானாகவே மறையாக்கம் செய்யப்படலாம் என்பதால், அதன் ரெக்கவரி கீ கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். பின்னாளில் மதர்போர்டு மாற்றப்பட்டால் அந்த 48 இலக்க எண் இல்லாமல் உங்கள் கோப்புகள் கிடைக்கா.

மைக்ரோசாஃப்ட் தரும் சுத்தமான விண்டோஸிலும் ஸ்டார்ட் மெனுவில் சில செயலிகள் ஒட்டிக்கொண்டு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவலின் தொடக்கத்தில் நேரம், நாணய வடிவத்துக்கு இந்தியாவைத் தேர்ந்தெடுக்காமல் ‘இங்கிலீஷ் வேர்ல்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெளி நிறுவனச் செயலிகள் பெரும்பாலும் வருவதில்லை. இடையில் ஒரு பிழைச் செய்தி வந்தால் ‘ஸ்கிப்’ கொடுத்துக் கடந்துவிடலாம். எல்லாம் முடிந்த பிறகு செட்டிங்ஸில் இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டோர் சரியாக இயங்காது. மீதமிருப்பவற்றை வலது கிளிக்கில் நீக்கிவிடலாம்.

தயாரிப்பாளரின் செயலிகள் எல்லாமே குப்பை என்று ஒதுக்குவதும் சரியல்ல. மின்கலத்தை 80 சதவீதத்துடன் நிறுத்தும் வசதி, விசிறியின் வேகம், சிறப்பு விசைகள் ஆகியவை லெனோவோ வான்டேஜ், மைஏசுஸ் போன்ற செயலிகளின் வழியாகத்தான் பலருக்குக் கிடைக்கின்றன. மடிக்கணினியை நாள் முழுவதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவருக்கு அந்த 80 சதவீத வரம்பு மிகவும் பயனுள்ளது. அந்த ஒன்றை மட்டும் நீங்களே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் தயாரிப்பாளரின் செயலியை நிறுவச் சொல்லும் அறிவிப்பு மறுபடியும் தோன்றினால் நீங்கள் எதையோ தவறாகச் செய்துவிட்டீர்கள் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஃபர்ம்வேரில் வைத்திருக்கும் ஒரு நிரலைத் துவக்கத்தின்போது விண்டோஸே எடுத்து இயக்கும் டபிள்யூபிபிடி என்ற ஏற்பாடு இருக்கிறது. திருட்டுத் தடுப்பு போன்ற தேவைகளுக்காக வந்த இந்த ஏற்பாட்டை லெனோவோ தன் சர்வீஸ் எஞ்சின் நிரலுக்குப் பயன்படுத்தியது. புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினிகளிலும் அது முளைப்பதைப் பயனர்கள் 2015-இல் கண்டுபிடித்த பிறகு, அதை நீக்கும் பயாஸ் அப்டேட்களை அந்நிறுவனம் வெளியிட்டது. இன்றும் ஏசுஸ் கணினிகளில் ஆர்மரி கிரேட் செயலியை நிறுவலாமா என்று கேட்கும் அறிவிப்பு இவ்விதமாகவே வருகிறது. பயாஸ் அமைப்புக்குள் அந்தச் செயலியின் பெயரிலேயே ஓர் அமைப்பு இருக்கும். அதை டிசேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வந்தால் அதன் பிறகு அது தலைகாட்டாது.