மூன்று செயலிக்கு ஒரே லாகின்: பழைய கணக்குகளை இணைக்கும்போது கவனம்

கேள்வி: பெங்களூரு கோரமங்களாவில், மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் மென்பொருள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கடைக்காரர்களுக்கு ஆர்டர் செயலியும் பில்லிங் இணையதளமும், எங்கள் ஆட்களுக்கு டெலிவரி செயலியும் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி லாகின். 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு' என்ற அழைப்புகள் ஓய்வதில்லை. ஒரே லாகினாக்கினால், அது திருடு போகும்போது எல்லாமே போய்விடாதா?

பதில்: நியாயமான பயம்தான். ஆனால் தனித்தனியாக வைத்திருப்பதால் பாதுகாப்பு கூடிவிடவில்லை. போன மாதம் அல்சூரில் ஒரு கடையில் பார்த்தேன். கல்லாப்பெட்டிக்கு மேலே ஓர் அட்டை, அதில் நான்கு செயலிகளின் பாஸ்வேர்டு. நான்கும் ஒரே சொல். கடைசி எண் மட்டும் 1, 2, 3, 4. பூட்டு நான்கு, சாவி ஒன்று! அதனால் தயங்காமல் ஒரே லாகினாக்குங்கள்.

லாகினுக்கென்று தனி சர்வர் வையுங்கள். கீகிளோக் போன்ற இலவச மென்பொருள் போதும். ஓரிடத்தில் செய்த லாகினைப் பல செயலிகளும் ஏற்க உதவும், 2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் முறையில் மூன்றையும் அதனுடன் இணைக்கலாம். எந்தச் செயலியும் பாஸ்வேர்டைத் தானே வாங்கக் கூடாது. போனின் பிரவுசரைத் திறந்து லாகின் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைத் திறக்கும் வெப்வியூவில் காட்டினால், பாஸ்வேர்டைச் செயலியால் படிக்க முடியும். அதோடு, வெப்வியூவின் குக்கீ, அதாவது லாகின் ஆனதை நினைவில் வைக்கும் சிறு குறிப்பு, அடுத்த செயலிக்குக் கிடைக்காது. அங்கே மறுபடி லாகின் கேட்கும். லாகின் பக்கத்தின் முகவரி, நிறம், வார்த்தை எல்லாம் எங்கும் ஒன்றாக இருக்கட்டும். பழகிய பக்கம் ஒன்றே என்றால்தான் போலிப் பக்கம் கண்ணில் உறுத்தும்.

உண்மையான ஆபத்து, பழைய கணக்குகளை இணைப்பதில் இருக்கிறது. போன் எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு கணக்குகளைத் தானாகச் சேர்த்துவிடாதீர்கள். நம் நாட்டில், இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். புதிதாக வாங்கியவர் ஓடிபி போட்டு, பழைய கடைக்காரரின் பில் பாக்கி வரை பார்த்துவிடுவார். சரி, என்ன செய்யலாம்? முதல்முறை வரும்போது ஒவ்வொரு பழைய கணக்கின் பாஸ்வேர்டையும் ஒரு தடவை கேட்டுவிட்டு இணையுங்கள். அது நினைவில் இல்லாதவருக்கு, அவர் கடைக்கு வழக்கமாகப் போகும் உங்கள் ஆளே நேரில் சரிபார்த்துக் கொடுக்கட்டும். வேலை அதிகம்தான், ஆனால் குறுக்குவழி பார்க்காதீர்கள்.

மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொல்வதை விட்டுவிடுங்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அது வேண்டாம் என்றுவிட்டது. கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு மறுப்பது பலன் தரும். அப்புறம், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவது போன்ற வேலைக்கு, ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தாலும் மறுபடி அடையாளம் கேளுங்கள்.

டெலிவரி செயலியிலிருந்து தொடங்குங்கள். அதில் இருப்பவர்கள் உங்கள் ஆட்கள், ஏதாவது தடுமாறினால் கூப்பிட்டுப் பேசலாம். லாகின் ஆனதும் செயலிக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டான டோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாக வையுங்கள். ஒருவர் வேலையை விட்ட அன்றே மூன்றிலும் அவர் கணக்கு மூடுகிறதா என்று ஒரு சோதனைக் கணக்கில் பார்த்துவிட்டு, கடைக்காரர்களிடம் போங்கள்.