பெங்களூரில் கோடை தொடங்கும்போது வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகள் வர என்ன செய்யலாம்?

மல்லேஸ்வரத்தில் வீட்டின் பின்னால் கொஞ்சம் மண்தரை, மார்ச்சில் என்ன நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அரிசி இறைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். புறாக்கள்தான் வரும், அப்புறம் அவற்றை விரட்டுவதே வேலையாகிவிடும்.

செம்பருத்தி, இட்லிப்பூ, ஹாமெலியா மூன்றும் போதும். லால்பாக் பக்கத்து நர்சரிகளில் கிடைக்கும். இப்போது தொட்டியில் வைத்துக்கொண்டு, கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் தரையில் நடுங்கள்.

ஹாமெலியாவின் ஆரஞ்சு நிறக் குழல்பூ தேன்சிட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் கூடு நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டித் தொங்கவிட்ட பை. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் சின்னத் தாழ்வாரம். பார்க்கக் குப்பை சிக்கிய மாதிரி இருக்கும் என்பதால் ஒட்டடை அடிக்கும்போது கவனம். வழக்கமாக 2 முட்டை, பொரிக்கச் சுமார் 2 வாரம். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தக் கிளையைக் கத்தரிக்காதீர்கள்.

கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? இலையில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்து, தொட்டால் அசைந்தால், அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. மருந்து அடிக்க வேண்டாம், ரசத்துக்கு இலை மிச்சமிருக்கும். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக்கும் பூச்சி, புழுதான் சாப்பாடு.

தண்ணீருக்கு ஓர் அங்குல ஆழமுள்ள மண்சட்டி போதும். தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.