1930களில் பத்திரிகைகளில் அடிபட்ட, இங்கிலாந்துப் பிரபு குடும்பத்து மிட்ஃபோர்ட் சகோதரிகள் ஆறு பேருக்கும் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லையா?

இருந்தார். பெயர் டாம், 1909இல் பிறந்தவர். இவர்களின் அப்பா ரெட்ஸ்டேல் பிரபுவுக்கு ஒரே மகன், பட்டத்துக்கும் வாரிசு. ஆனால் தங்கைகளில் யூனிட்டி ஹிட்லரோடு சுற்ற, டயானா பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் மோஸ்லியை ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வீட்டில் வைத்துக் கல்யாணம் பண்ண, ஜெசிகா கம்யூனிஸ்ட் ஆக, வக்கீல் அண்ணனை எந்தப் பத்திரிகை தேடும்?

அதற்காக இவரை அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். பாசிசச் சாய்வு இவருக்கும் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரைச் சுட மனமில்லாமல், தானே கேட்டு பர்மா போர்முனைக்குப் போனார். 1945 மார்ச்சில் அங்கே ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பட்டு, சில நாளில் இறந்தார். வயது 36. யாங்கோன் அருகே போர்வீரர் கல்லறையில் அடக்கம். 1958இல் அப்பாவும் போக, பட்டம் சித்தப்பாவுக்கு.