சுவர்ப்படம் கடைசி வேலை

கேள்வி: எங்கள் குழந்தைகள் மருத்துவமனையின் மாடியில் 12 படுக்கை வார்டு எடுக்கிறோம். கைக்குழந்தை முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளை வரை வருகிறார்கள். சுவரெல்லாம் கார்ட்டூன் வரைந்தால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது. கூரை கான்கிரீட் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை இருக்கின்றன.

கைக்குழந்தை மல்லாந்து கிடப்பதால் அதன் கண்ணில் படுவது கூரைதான். தொட்டிலுக்கு நேர்மேலே டியூப்லைட் வேண்டாம், கண் கூசும். சுவரோரம் தள்ளி மாட்டுங்கள். அடுத்தது தூளி. நம் பக்கத்துத் தாய்மார்கள் எப்படியும் கட்டுவார்கள். இடம் தராவிட்டால் டிரிப்ஸ் ஸ்டாண்டில் கட்டிவிடுவார்கள், அது சாய்ந்துவிடும். அதனால் கூரைக் கம்பியோடு சேர்த்தே கொக்கி இறக்கிவிடுங்கள். தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. குழந்தை அதில் இல்லாதபோது சேலையை அவிழ்த்துவிட வேண்டும். நாலைந்து வயதுப் பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடினால் கழுத்து இறுகிவிடும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகள்தான் கட்டடத்துக்குப் பரீட்சை. மாடிக் கைப்பிடியில் கிடைக்கம்பி போட்டால் அதுவே ஏணியாகிவிடும். செங்குத்துக் கம்பிதான் போட வேண்டும், இடைவெளி 4 அங்குலத்துக்குள். அகலமானால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். கதவின் கீல் பக்கத்து இடுக்கில் விரல் நசுங்கும். அதற்கு ரப்பர் மறைப்பு போடுங்கள். ஒரு வாஷ்பேசினையாவது 20 அங்குல உயரத்தில் வையுங்கள். ஈரத்தரையில் ஸ்டூல் போட்டு ஏறினால் வழுக்கும். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சிறிய விளையாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

ஊசி, டிரெஸ்ஸிங் போட அதே தளத்தில் தனி அறை ஒதுக்குங்கள். படுக்கையிலேயே குத்தினால், நர்ஸ் பக்கத்தில் வரும்போதெல்லாம் பிள்ளை நடுங்கும். தூங்கும் இடம் வலியில்லாத இடம் என்ற நம்பிக்கை அதற்கு வேண்டும்.

பெரிய பிள்ளைகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். யானைக்குட்டி வரைந்த சுவருக்குக் கீழே பதினாலு வயதுப் பிள்ளை கூசிப் போகும். கடைசி 3 படுக்கைகளை அவர்களுக்கு ஒதுக்கி, வெறும் வண்ணம் அடியுங்கள். சுற்றிலும் திரை, தலைமாட்டில் போன் சார்ஜ் போட பாயிண்ட், வெளியிலிருந்தும் திறக்க வரும் குளியலறைத் தாழ்ப்பாள், பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் போட மூடியுள்ள தொட்டி: இவற்றில் ஒன்றும் குறையக் கூடாது.

இனி படம். மூன்று வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து 3 அடிக்குள்தான் இருக்கும். ஓவியரோ தன் கண் உயரத்தில் வரைவார். 2 அடியிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் சட்டம். டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வைகை மீன், மல்லிகைத் தோட்டம், தெப்பக்குளத்து மண்டபம் என்று பிள்ளைகள் பார்த்துப் பழகியவை நல்லது. கோமாளி முகமும் பல்லைக் காட்டும் மிருகமும் காய்ச்சலில் பயமுறுத்தும். ஓவியருக்குக் கணக்கு முடிக்கும் முன், இரவு விளக்கை மட்டும் போட்டுவிட்டு ஒவ்வொரு படுக்கையிலும் படுத்துப் பாருங்கள்.