மோந்து பார்த்துவிட்டு அழுக்குக் கூடையில் போடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். சென்னைப் புறநகர், பாதி நாள் லாரித் தண்ணீர்தான். புனேயில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தவள், "ஒரு தடவை போட்டதையெல்லாம் துவைக்காதேம்மா, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல்" என்கிறாள். அவிழ்த்த துணியை நனைக்காமல் மடித்து வைத்தால் மாமியாருக்கு ஆகாது. இதற்கு நடுவில் என் கணவர், "வெள்ளி நுண்துகள் கலந்தது, பத்து முறை போட்டாலும் நாறாது, இயற்கைக்கு உகந்தது" என்ற விளம்பரத்தைப் பார்த்து 1,799 ரூபாய் டி-ஷர்ட் நான்கு வாங்கப் போகிறார். வாங்கலாமா?

பதில்: டி-ஷர்ட் வேண்டாம். மகள் சொல்வது பாதி சரி. மாமியார் விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் அவருடைய கூறைப்புடவையை இதுவரை எத்தனை தடவை துவைத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். கட்டி அவிழ்த்ததும் நிழலில் ஆறப் போட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைத்திருப்பார். உங்கள் மகள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

முதலில் அந்த வெள்ளி. நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவை வெள்ளி கொல்லும், அது உண்மை. ஆனால் அது துணியிலேயே தங்கிவிடுவதில்லை. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கடையில் விற்கும் வெள்ளி கலந்த சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கைந்து அலசலிலேயே வெள்ளி அனேகமாக முழுவதும் போய்விட்டது. போன வெள்ளி சாக்கடை வழியாக நீர்நிலைக்குத்தான் போகும். அப்புறம் 'இயற்கைக்கு உகந்தது' என்ற வார்த்தை. எந்த வகையில் என்று ஆதாரத்தோடு விளக்காமல் இப்படிப் பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விற்பவரிடம் கேளுங்கள், மழுப்பினால் 1915-க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். உங்கள் 7,196 ரூபாய் மிச்சம்.

இன்னொன்று, அந்த டி-ஷர்ட் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும். லேபிளைப் பாருங்கள். 2014-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை வியர்க்க வியர்க்க சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த டி-ஷர்ட்டுகளை மறுநாள் மோந்து பார்த்தார்கள் (அந்த வேலைக்கும் ஆள் கிடைத்திருக்கிறார்கள்!). பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியது. துவைப்பதைக் குறைக்க நினைப்பவர் வாங்க வேண்டியது சாதாரணப் பருத்தி.

இனி எதைத் துவைப்பது, எதை விடுவது? வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சுடுதண்ணீரில் துவைக்கிறார்கள், டிரையரில் காய வைக்கிறார்கள். அவர்களுக்கு மிச்சமாவது முக்கியமாகக் கரண்ட். நாம் குழாய்த் தண்ணீரில் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போடுகிறோம். நமக்கு மிச்சமாவது தண்ணீர், சோப்புத்தூள், துணியின் ஆயுள். அதே போல் மே மாதச் சென்னையில் பஸ்ஸில் போய்வந்த சட்டையை 'சுற்றுச்சூழல்' என்று சொல்லி மறுநாளும் மாட்டிக்கொண்டால் பக்கத்து சீட்காரர் பாவம். உடம்போடு ஒட்டுகிற பனியன், ஜட்டி, சாக்ஸ், ரவிக்கை எல்லாம் தினமும் துவைக்க வேண்டியவைதான். சட்டை, சுடிதார் டாப்ஸ் என்றால் அக்குளையும் காலரையும் மோந்து பாருங்கள். துப்பட்டா, பேன்ட், ஏசி ஆபீஸுக்கு மட்டும் கட்டிய காட்டன் புடவை, சாயங்காலம் இரண்டு மணி நேரம் மாட்டிய குர்தா ஆகியவற்றை ஒரு இரவு காற்றாடக் கொடியில் போட்டால் இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு வரும். ஆனால் வியர்வை ஈரத்தோடு பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். அதற்கு மருந்தில்லை.

மெஷினை நிறைத்து ஓட்டுங்கள். முன்பக்கக் கதவு மெஷின் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 50 லிட்டர் எடுக்கும். மேல்மூடி மெஷின் சாதாரணமாக 100-ஐத் தாண்டும். முன்பக்கக் கதவு மெஷின் என்றால் இன்னொரு சங்கதி: உள்ளே சுமார் 2,000 வாட் ஹீட்டர் இருக்கிறது. 'காட்டன்' பட்டனை அழுத்தினால் பல மாடல்களில் அதுவாகவே 40 டிகிரிக்கோ அதற்கு மேலோ சுட வைக்கும். 'கோல்ட்' என்று மாற்றிவிடுங்கள். சூடு வேண்டியது நோயாளி துணிக்கும் படுக்கை விரிப்புக்கும்தான்.

கேள்வி: ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது, ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: துவைக்காத கதைக்கு ஒரு மூலம் உண்டு. லீவைஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த சிப் பெர்க், 2014-ல் ஒரு மாநாட்டு மேடையில், தான் போட்டிருக்கும் ஜீன்ஸ் ஒரு வருடமாக வாஷிங் மெஷினையே பார்த்ததில்லை என்றார். துவைக்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை, தேவைப்பட்டால் கையால் துவைப்பேன் என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். ஃப்ரீசர் விஷயம் சும்மா. குளிரில் பெரும்பாலான பாக்டீரியா சாவதில்லை, தூங்கும்; ஜீன்ஸை மாட்டி உடம்புச் சூடு பட்டதும் எழுந்துகொள்ளும். தம்பி ஜீன்ஸை எடுத்துவிட்டு ஐஸ் ட்ரேயை வைக்கச் சொல்லுங்கள். தொடையில் சாம்பார் சிந்தினால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். முட்டி தொளதொளத்து முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்கட்டும். பழையபடி இறுகிக்கொள்ளும்.